பேரவை வாக்களிக்காத வரி

(கீரமங்கலத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



பொருளியல் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி ஒரு பொருளை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டவை இரண்டு: அரசின் வரவு செலவுத் திட்டம், போட்டிக் கொள்கை. முதலாவது உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ‘நிதிப் பொருளியல்’ என்ற ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு அடித்தளம் பதினொன்றாம் வகுப்பில், அங்காடி அமைப்புகளைப் பற்றிய பாடத்தில் கிடக்கிறது. ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்று நினைவுக்கு வருவதில்லை. பெரும்பாலான வகுப்பறைகளில் இவை உறவே இல்லாத இரண்டு பாடங்கள்.

இவை ஒரே கேள்வியின் இரு பாதிகள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்தது. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கும் விலையிலிருந்து யார், எவ்வளவு, யாருடைய அனுமதியோடு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. மக்கள் பிரதிநிதிகளின் அனுமதி பெற்று எடுப்பதைப் பற்றிச் சொல்வது வரவு செலவுத் திட்டம். எவருடைய அனுமதியும் இல்லாமல் எடுப்பதைத் தடுக்க வந்தது போட்டிக் கொள்கை. விற்பவர்கள் கூடிப் பேசி விலையை ஏற்றும்போது, வாங்குபவர் மீது ஒரு வரி விழுகிறது. அந்த வரிக்கு எந்தப் பேரவையும் வாக்களித்ததில்லை. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு பாடமும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

1. வரிக்கு ஒரு வாசல் உண்டு

நம் அரசியலமைப்பின் 265ஆம் உறுப்பு மிகச் சிறியது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பதே அதன் சாரம். ஒன்றிய அரசு ஆண்டு நிதிநிலை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது 112ஆம் உறுப்பு. மாநில அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது 202. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். அன்று தொடங்கிய நடைமுறை இன்றுவரை அறுபடவில்லை. வரவும் செலவும் அவையில் வாசிக்கப்பட வேண்டும், துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் விவாதிக்கப்பட வேண்டும், நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேற வேண்டும். அதன்பிறகுதான் தொகு நிதியிலிருந்து ஒரு ரூபாயை எடுக்க முடியும். செலவழித்த பிறகு தணிக்கை வரும். தணிக்கை அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும்.

இந்த நடைமுறையை மனப்பாடம் செய்யச் சிரமப்படுகிறீர்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். உங்கள் ஊரே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் தலைமுறையாக நின்ற தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விவாதம். போதாது என்று இங்கே பலர் அன்றே சொன்னார்கள். இப்போது கேட்க வேண்டியது, அந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கை மார்ச் மாதமே வாசிக்கப்பட்டிருக்க, நவம்பரில் அடித்த புயலுக்குப் பணம் எப்படி வந்தது என்பது. பேரிடர் நிவாரண நிதி எதற்கு, 267ஆம் உறுப்பு சொல்லும் எதிர்பாராச் செலவு நிதி எதற்கு, துணை மானியக் கோரிக்கை என்று 205ஆம் உறுப்பு எதைச் சொல்கிறது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடக்கம். புயலில் மரத்தை இழந்த வீட்டுப் பிள்ளைக்கு எதிர்பாராச் செலவு என்றால் என்ன என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2. பற்றாக்குறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஐந்து மதிப்பெண் கேள்வியாக அடிக்கடி வருவது பற்றாக்குறை வகைகள். வரையறையை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 2025 மார்ச் 14 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட 2025-26 நிதிநிலை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. கழித்துப் பாருங்கள்: 41,635 கோடி. இது வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று திரும்பி வராத செலவுக்கே வரவு போதவில்லை என்று பொருள்.

இதோடு மூலதனச் செலவு 57,231 கோடியைச் சேர்த்தால் 98,866 கோடி. அரசு பிறருக்குக் கொடுக்கும் கடனும் முன்பணமும் நிகரமாக ஏறத்தாழ 8,100 கோடி. மொத்தம் 1,06,963 கோடி. இது நிதிப் பற்றாக்குறை. மாநில உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு. அதாவது அந்த ஆண்டு அரசு கடன் வாங்கியாக வேண்டிய தொகை. இதிலிருந்து பழைய கடனுக்கான வட்டியை, 70,000 கோடிக்குச் சற்று மேலே, கழித்தால் கிடைப்பது முதன்மைப் பற்றாக்குறை: ஏறத்தாழ 36,000 கோடி. வாங்கும் கடனில் மூன்றில் இரண்டு பங்கு பழைய கடனின் வட்டிக்குச் சமம் என்பது இந்தக் கழித்தலில் தெரிந்துவிடுகிறது. வரையறையை எழுதிய பிறகு இந்த ஐந்து வரிக் கணக்கை எழுதுங்கள். திருத்துபவர் பேனாவை நிறுத்திப் படிப்பார்.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் அவையில் வாசிக்கப்பட்டவை, அச்சிடப்பட்டவை. எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றலாம். அந்த வாய்ப்பே இல்லாத வரி ஒன்றுக்கு இப்போது வருகிறேன்.

3. ஆடம் ஸ்மித்தின் நான்கு விதிகளும் ஒரு சோதனையும்

நல்ல வரிக்கு நான்கு விதிகள் என்று 1776இல் ஆடம் ஸ்மித் சொன்னவை உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் உள்ளன: சமத்துவம், உறுதி, வசதி, சிக்கனம். அவற்றை எடுத்துப் போய், விற்பனையாளர்கள் கூடிப் பேசி ஏற்றிய விலை மீது வைத்துப் பாருங்கள்.

செலுத்தும் திறனுக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்பது சமத்துவம். கூட்டாக ஏற்றிய விலை, ஓட்டு வீட்டுக்குச் சுவர் எழுப்பும் கூலித் தொழிலாளியிடமும் மாளிகை கட்டுபவரிடமும் சிமெண்ட் மூட்டைக்கு ஒரே தொகையைப் பறிக்கிறது. எவ்வளவு, எப்போது, எப்படி என்று செலுத்துபவருக்குத் தெரிய வேண்டும் என்பது உறுதி. இங்கே எவ்வளவு பறிக்கப்படுகிறது என்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் அந்தக் கூட்டின் பலம் இருக்கிறது. செலுத்துபவருக்குத் தோதான நேரத்திலும் முறையிலும் வாங்க வேண்டும் என்பது வசதி. அதைப் பற்றி இங்கே சொல்ல அதிகமில்லை. நான்காவதான சிக்கனம், மக்களின் பையிலிருந்து எடுப்பதில் முடிந்த அளவு கருவூலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. கூட்டு விலையில் ஏற்றிய தொகை அத்தனையும் சில நிறுவனங்களின் இலாபக் கணக்கில் நின்றுவிடுகிறது. அதிலிருந்து பள்ளிக்கூடம் வராது, மருத்துவமனை வராது.

போட்டிக் கொள்கை ஏன் வேண்டும் என்று வினாத்தாள் கேட்டால், இந்த நான்கு விதிகளை வைத்தே விடை எழுதலாம். எந்த வழிகாட்டி நூலிலும் இந்த விடை இருக்காது. அதனாலேயே எழுதச் சொல்கிறேன்.

4. சட்டம் சுருக்கமாக

தேர்வுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1969இல் வந்தது முற்றுரிமை மற்றும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகள் சட்டம். நிறுவனம் பெரிதாவதையே அது சந்தேகத்தோடு பார்த்தது. 1991 தொழில் கொள்கை அந்தக் கட்டுகளை அவிழ்த்தது. எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. பெரிதாக இருப்பது குற்றமில்லை, பெரிய இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்பது புதிய சட்டத்தின் பார்வை. பிரிவு 3 போட்டியைக் கெடுக்கும் உடன்பாடுகளைப் பற்றியது. பிரிவு 4 ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றியது. 5, 6 பிரிவுகள் நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்குவதையும் இணைவதையும் பற்றியவை. உடன்பாடு, ஆதிக்கம் பற்றிய பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியப் போட்டி ஆணையம் டெல்லியில் இருக்கிறது. 2021இல் சென்னையில் ஒரு மண்டல அலுவலகம் திறந்தார்கள். 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைபேசிகள் தொடர்பாக கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்த ஆணையம்தான். அது பிரிவு 4க்கு எடுத்துக்காட்டு.

5. ஒரு மூட்டை சிமெண்ட்

இரண்டு பாடமும் ஒரே பொருளில் சந்திப்பதை சிமெண்ட்டைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஆகவே இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

2012 ஜூனில் போட்டி ஆணையம் பதினொரு சிமெண்ட் நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் கூடி உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தின என்று கூறி ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விசாரணை நடைமுறையில் குறை இருந்தது என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் அந்த உத்தரவை நீக்கி, மறுபடி விசாரிக்கச் சொன்னது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மீண்டும் அதே முடிவுக்கு வந்தது. 2018 ஜூலையில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் மறுத்து உச்சநீதிமன்றம் சென்றன. தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. சில்லோர் முற்றுரிமை அங்காடி என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தீர்களே, அதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்: விற்பவர் சிலர், பொருள் ஏறக்குறைய ஒரே தரம், ஒருவர் விலையை மற்றவர் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்.

இனி வரிக்கு வருவோம். 2017 ஜூலை முதல் சிமெண்ட்டுக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகக் குறைந்தது. வரி இல்லாத விலை 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பழைய வரியில் வாங்குபவர் கொடுப்பது 384 ரூபாய். புதிய வரியில் 354. மூட்டைக்கு 30 ரூபாய் குறைய வேண்டும். குறையுமா?

போட்டி உள்ள அங்காடியில் குறையும். ஒருவர் குறைக்காவிட்டால் அடுத்தவர் குறைத்து வாடிக்கையாளரை இழுத்துக்கொள்வார். விற்பவர்கள் ஒத்துப்போகும் அங்காடியில் வேறு மாதிரி நடக்கலாம். வரி இல்லாத விலையை 300லிருந்து 325 ரூபாய் 42 காசுக்கு ஏற்றிவிட்டால், 18 விழுக்காடு வரியோடு சேர்த்து மறுபடி 384 ரூபாய். வீடு கட்டுபவருக்கு ஒரு காசு இலாபமில்லை. அரசுக்கு முன்பு 84 ரூபாய் கிடைத்தது, இப்போது 58 ரூபாய் 58 காசு. அரசு விட்டுக்கொடுத்த 25 ரூபாய் 42 காசு அப்படியே விற்பவர் கணக்கில் ஏறிவிடும். இந்த ஜிஎஸ்டியில் பாதி மாநிலத்துடையது என்பதால் அந்த இழப்பில் பாதி தமிழ்நாட்டின் இழப்பு. சற்று முன் பார்த்த வருவாய்ப் பற்றாக்குறையில் அது போய் உட்காரும். இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. போட்டி இல்லாவிட்டால் வரிச்சலுகை எங்கே போய்ச் சேரும் என்பதைக் கணக்கில் காட்டுகிறேன். வரிப்பளுவை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை அங்காடியின் அமைப்பில்தான் இருக்கிறது. நிதியமைச்சர் வரியைக் குறைக்கலாம். அது உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறதா என்பதைத் தீர்மானிப்பது போட்டி.

அரசுக்கும் இது தெரியும். வரிக்குறைப்பின் பலனை விழுங்கும் வணிகரைப் பிடிக்க ஜிஎஸ்டியோடு சேர்த்து ஓர் ஆணையம் வைத்தார்கள். 2022 டிசம்பர் 1 முதல் அந்தப் பொறுப்பைப் போட்டி ஆணையத்திடமே கொடுத்தார்கள். 2024 செப்டம்பர் முடிய அது அங்கேயே இருந்தது, பிறகு ஜிஎஸ்டி தீர்ப்பாயத்துக்குப் போனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு காலம் வரிப் பாடமும் போட்டிப் பாடமும் டெல்லியில் ஒரே அலுவலகத்தின் கோப்புகளாக இருந்தன. அந்த ஏற்பாடு வேரூன்றுவதற்குள் மாற்றப்பட்டதும், 2025 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகார்களே பெறப்படாததும் எனக்கு வருத்தம். வரியைக் குறைக்கும் நேரத்தில்தான் அந்தக் கண்காணிப்பு அதிகம் தேவைப்படும்.

தமிழ்நாடு இன்னொரு வழியையும் முயன்றது. அரியலூரிலும் ஆலங்குளத்திலும் ஆலை வைத்திருக்கும் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் அரசு நிறுவனம். 2015 ஜனவரியில் அம்மா சிமெண்ட் திட்டம் மூட்டை 190 ரூபாய்க்குத் தொடங்கியது. 2021 நவம்பரில் ‘வலிமை’ என்ற பெயரில் புதிய சிமெண்ட் வந்தது. விலைக்கூட்டை உடைக்க அபராதம் ஒரு வழி. அரசே இன்னொரு விற்பனையாளராக அங்காடிக்குள் வந்து நிற்பது வேறொரு வழி. பொதுத்துறை நிறுவனம் எதற்கு என்று ஐந்து மதிப்பெண்ணில் கேட்டால் இதையும் எழுத வேண்டும். 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் பங்குகளை அல்ட்ராடெக் வாங்கப் போட்டி ஆணையம் ஒப்புதல் அளித்ததையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு 5, 6க்கு அது அண்மைக் கால எடுத்துக்காட்டு. தென்னிந்திய சிமெண்ட் அங்காடியில் தனித்து நின்ற பெயர்களில் ஒன்று குறைந்தது.

6. செலவுப் பக்கத்திலும் கசியும்

இதுவரை பார்த்தது வாங்குபவர் குடிமக்களாக இருக்கும் நிலை. வாங்குபவர் அரசாகவே இருந்தால்? நிதிநிலை அறிக்கையின் செலவுப் பக்கத்தில் பெரும்பகுதி டெண்டர் வழியாகப் போகிறது: சாலை, கட்டடம், மருந்து, சீருடை, அரிசி.

ரேஷன் கடைக்கு வரும் அரிசி இந்திய உணவுக் கழகக் கிடங்கில் கிடக்கும்போது வண்டும் புழுவும் அரிக்காமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போட்டுப் புகைமூட்டம் செய்வார்கள். 2009இல் அந்த மாத்திரைக்கு உணவுக் கழகம் டெண்டர் கோரியது. மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று, காசு வித்தியாசமின்றி ஒரே விலையைக் கேட்டன. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்கள், உற்பத்திச் செலவும் ஒன்றல்ல. டெண்டர் தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அவற்றின் பிரதிநிதிகள் கழகத்தின் வளாகத்துக்குள் வந்ததை நுழைவுப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2012இல் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. 2017 மே மாதம் உச்சநீதிமன்றம் கூட்டு நடந்தது என்பதை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும், நிறுவனத்தின் மொத்த விற்பனையை வைத்துக் கணக்கிடாமல் அந்தக் குறிப்பிட்ட பொருளின் விற்பனையை வைத்துக் கணக்கிட வேண்டும் என்றது. 2023 திருத்தச் சட்டம் இந்தக் கணக்கீட்டை மீண்டும் மாற்றி, உலக அளவிலான மொத்த விற்பனையைக் கொண்டுவந்திருக்கிறது.

அந்த மாத்திரைக்கு அதிகம் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் உணவு மானியத்திலிருந்து போனது. நாடாளுமன்றம் ஏழைகளின் அரிசிக்கென்று வாக்களித்த பணம் அது.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிக்கும் நிறுவனங்கள் இந்தியன் ஆயில் டெண்டரில் ஏறக்குறைய ஒரே விலை கேட்டன என்று ஆணையம் 2012இல் நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தச் சிலிண்டரை வாங்க நாட்டில் இருப்பவை மூன்று எண்ணெய் நிறுவனங்கள். விலையின் வரம்பை வாங்குபவரே ஏறத்தாழத் தீர்மானித்துவிடும் அங்காடியில், விலை ஒன்றாக இருப்பது மட்டுமே கூட்டுக்குச் சான்றாகாது என்றது நீதிமன்றம். ஒரே விலை, இரண்டு தீர்ப்பு. இந்த வேறுபாட்டை விளக்கத் தெரிந்த மாணவருக்கு அங்காடி அமைப்புப் பாடம் புரிந்துவிட்டது என்று நான் சொல்வேன்.

7. கீரமங்கலத்துப் பூக்கடை

உங்கள் ஊருக்கு வருகிறேன். விடியலுக்கு முன் பறித்த மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் சம்பங்கியும் காலையிலேயே இங்குள்ள கமிஷன் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. சாக்கை அவிழ்த்துத் தராசில் கொட்டுகிறார்கள், எடையைச் சீட்டில் எழுதுகிறார்கள், அன்றைய விலை பிறகு தெரிகிறது. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும் அதே பூ, முகூர்த்தமில்லாத மாதத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் குப்பைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். பறித்த பூவுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆக, பூ விலையிலிருந்து அரசு நேராக எதையும் எடுக்கவில்லை. எடுக்கப்படுவது கமிஷன், சுமைகூலி, எடைக் கழிவு. அந்த விகிதங்களை யார் தீர்மானித்தார்கள், அவை கடைக்குக் கடை மாறுகின்றனவா என்று விசாரித்து எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தக் கடைக்காரரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முன்பணம் கொடுத்து விவசாயியைத் தாங்குபவர்களும் அவர்கள்தான். அந்த முன்பணமே விவசாயியை ஒரே கடையில் கட்டிப்போடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

விலை விழுந்தால் உடனே ‘சிண்டிகேட்’ என்று சொல்லிவிடக் கூடாது. எல்லார் தோட்டமும் ஒரே வாரத்தில் பூத்தால் விலை தானாக விழும். அது அளிப்பும் தேவையும். பூ அன்றே விற்றாக வேண்டிய சரக்கு. தேக்கி வைக்க முடியாத விற்பனையாளரின் பேரம் பேசும் வலிமை குறைவு. வாங்குபவர்கள் ஐந்து பேர் காலையில் பேசி வைத்துக்கொண்டு ஒரே விலை கேட்டால், அது பிரிவு 3 தடுக்கும் செயல். விற்பனை விலையை மட்டுமன்றி, கொள்முதல் விலையைக் கூடித் தீர்மானிப்பதையும் அந்தப் பிரிவு தடுக்கிறது. பல ஆசிரியர்களுக்கே இது புதிதாக இருக்கலாம், ஏனென்றால் பாடநூல் எடுத்துக்காட்டுகள் எல்லாம் விற்பவர் பக்கம் இருப்பவை.

விவசாயிகள் கூடி விலை பேசினால் அதுவும் கூட்டுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகின் போட்டிச் சட்டங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படும் ஷெர்மன் சட்டத்தை 1890இல் இயற்றிய அமெரிக்காவே, 1922இல் கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டத்தின் மூலம் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விற்க இடம் கொடுத்தது. சிதறிக் கிடக்கும் ஆயிரம் பேருக்கு எதிரே பத்து வாங்குபவர்கள் இருக்கும் அங்காடியில், ஆயிரம் பேர் சேர்வது சமநிலையைக் கொண்டுவரும். நம் கூட்டுறவுச் சங்கமும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும், 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையும் இந்த நியாயத்தில் நிற்பவை. வாசனைப் பொருள் ஆலை ஒன்று இங்கே வேண்டும் என்று இவ்வட்டாரப் பூ விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்பதையும் நான் இப்படியே பார்க்கிறேன். அது வாங்குபவர் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். தேங்கிய நாளில் பூவுக்கு இன்னொரு வாசல் திறக்கும். நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி ஒதுக்கீடு, உள்ளூர் அங்காடியின் போட்டியை மாற்றும் இடம் அது.

8. பேரூராட்சி ஏலமும் தேர்வுத்தாளும்

எந்த உள்ளாட்சிக்கும் ஏல வருமானம் உண்டு: வாரச்சந்தை வசூல், குளத்து மீன்பாசிக் குத்தகை, புளியமர மகசூல். ஏலம் எடுக்க வருபவர்கள் முந்தின நாளே பேசி, ஒருவர் மட்டும் கேட்க மற்றவர்கள் பெயருக்கு நின்றுவிட்டுத் தங்களுக்குள் பணத்தைப் பிரித்துக்கொண்டால், அந்த உள்ளாட்சியின் வரவு குறைகிறது. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் போக வேண்டிய தொகை அது. உணவுக் கழக மாத்திரை வழக்கு பெரிய அளவில் காட்டியது இதைத்தான். இப்படிப்பட்ட வழக்குகள் டெல்லி ஆணையம்வரை போவது அரிது. ஆகவே உள்ளூரில் ஏலத்தைப் பத்து பேர் அறிய விளம்பரம் செய்வதும், கடந்த ஆண்டுத் தொகையை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதும் நடைமுறையில் போட்டிக் கொள்கையாகவே வேலை செய்கின்றன.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருளியல் பொதுத்தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு. மீதி 10 அகமதிப்பீடு. அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கு உள்ளாட்சியின் வரவு செலவு விவரத்தை வாங்கி, மூன்று ஆண்டு ஏலத் தொகையை ஒப்பிடும் ஒரு சிறு பணியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தகவல் கேட்கும் விண்ணப்பத்தை எழுதுவது முதல் அட்டவணை போடுவது வரை அவர்களே செய்யட்டும்.

என் கவலை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று முடிவாகிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பின் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் பழக்கம் பல பள்ளிகளில் முன்பே இருந்தது. அது திரும்பி வந்தால் முதலில் பலியாவது அங்காடி அமைப்புப் பாடம். அதைப் படிக்காத மாணவர் அடுத்த ஆண்டு மறைமுக வரியைப் படிப்பார், வரி விகிதத்தை ஒப்பிப்பார், அந்த வரியைக் கடைசியில் யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பார். பதினொன்றில் அந்த அத்தியாயத்தை முழுமையாக நடத்துங்கள். ஒன்பதாம் அத்தியாயம் தொடங்கும் வாரத்தில் அதற்கென இரண்டு பாடவேளை ஒதுக்கி மறுபடி நினைவூட்டுங்கள். நேரம் போதாவிட்டால் சிமெண்ட் கணக்கு ஒன்றை மட்டுமாவது கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பத்து நிமிடம் போதும்.